ஓராண்டு தர இயலாதோர் வரவேண்டா

பங்குனி பிறந்துவிட்டால் நம் பங்குகள் பலவற்றில் ஓர் அறிவிப்பு வாசிக்கப்படுகிறது. கோடை விடுமுறையில் செங்கல் சூளைப் பிள்ளைகளுக்கு இலவச ஆங்கில வகுப்பு நடைபெறும். ஆர்வமுள்ள இளையோர் பெயர் கொடுக்கலாம் என்பது அதன் சாரம். பெயர்கள் வந்து குவிகின்றன. கல்லூரித் தேர்வு எழுதி முடித்தோர், வேலைக்கான அழைப்பை எதிர்நோக்கியிருப்போர், வெளியூரிலிருந்து விடுமுறைக்கு வந்தோர் எனப் பலர் முன்வருகின்றனர். அவர்களிடம் எதிர்பார்க்கப்படும் தகுதி ஒன்றே ஒன்று: ஆர்வம். மூன்று வாரம் வகுப்பு நடக்கிறது. நிறைவு நாளன்று பிள்ளைகள் ஓர் ஆங்கிலப் பாட்டைப் பாடுகின்றனர், ஆளுக்கொரு பென்சில் பெட்டி வழங்கப்படுகிறது, சான்றிதழும் வழங்கப்படுகிறது. அது கற்ற பிள்ளைகளுக்கு அன்று, கற்பித்த தொண்டர்களுக்கு.

இந்த ஏற்பாட்டை நாம் எதிர்க்கிறோம். தொண்டு செய்யும் மனத்தை எதிர்க்கவில்லை. அம்மனம் இன்னும் நம் இளையோரிடம் இருப்பது மகிழ்ச்சிக்குரியதே. ஆங்கிலத்தையும் எதிர்க்கவில்லை. தனக்கு ஒரு மொழி தெரியும் என்பதனாலேயே அதைக் கற்பிக்கவும் தெரியும் என்று ஒருவர் எண்ணிக்கொள்வதையும், அந்த எண்ணத்தை நாமே ஊட்டி வளர்த்து, ஏழைப் பிள்ளைகள்மீது அதைப் பழகிப் பார்க்க அனுப்பிவைப்பதையும் எதிர்க்கிறோம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை படிக்கும் பள்ளிக்கு நேற்றுத் தேர்வெழுதி முடித்த ஓர் இளைஞரை ஆங்கில ஆசிரியராக அனுப்பிப் பாருங்கள். மறுநாளே பெற்றோர் வாயிலில் கூடிவிடுவர். சூளையில் எவரும் கூடமாட்டார்கள் என்பது நமக்குத் தெரியும். அந்தத் துணிவில்தானே அனுப்புகிறோம்?

இடத்தின் இயல்பை முதலில் சொல்லிவிடுவோம். திருவள்ளூரிலிருந்து செங்குன்றம் வழியாகக் கும்மிடிப்பூண்டி வரை விரிந்துகிடக்கும் நிலப்பரப்பு, நம் வாசகர்கள் பலருக்குத் தொடர்வண்டியின் சன்னல் வழியே மட்டும் பழக்கமானது. கொல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டிச் சிப்காட் வளாகம். அதனுள் இரும்பு உருக்கும் ஆலைகள், கம்பி உருட்டும் ஆலைகள். அப்பால் தேர்வாய்க்கண்டிகையில் இன்னொரு சிப்காட். ஏரிக்கரைகளையும் வயல்வெளிகளையும் அடுத்து, இங்குள்ளோர் 'சேம்பர்' என்று வழங்கும் செங்கல் சூளைகள். இன்னும் சற்று வடக்கே ஆரம்பாக்கம். அதைக் கடந்தால் ஆந்திரம்.

மொழியின் கணக்கைப் பார்த்தாலோ இப்பகுதி ஒரு சிறு பாபேல். வீட்டில் தெலுங்கு பேசித் தெருவில் தமிழ் பேசுவோர் இங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். இருளர் குடியிருப்புகளின் பேச்சு வழக்கைப் பள்ளிக்கூடம் 'தவறான தமிழ்' என்று திருத்துகிறது. ஆலைகளில் பீகார், உத்தரப்பிரதேசம், மேற்கு வங்கம், அசாம் மாநிலத்தார் வேலை செய்கின்றனர். சூளைகளிலோ ஒடிசாவின் மேற்குப் பகுதியான பலாங்கீர், நுவாபடா, களாஹாண்டி மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தோர். மழைக்காலம் ஓய்ந்தபின் வந்து, ஆனி மாதத்தை ஒட்டி ஊர் திரும்புவர். ஊரில் முன்பணம் பெற்றுக்கொண்டு வருகிறவர்கள். அறுக்கும் கல் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி கணக்கிட்டு, அதில் முன்பணம் கழிக்கப்படும். 1976-ஆம் ஆண்டிலேயே கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்துவிட்டது. ஆயினும் 2011-இல் இம்மாவட்டத்துச் சூளை ஒன்றிலிருந்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஒடிசா மக்கள் மீட்கப்பட்டனர். பிள்ளைகளுக்கு நாம் நடத்தும் வகுப்பு இந்தக் கணக்கு வழக்குகளுக்கு நடுவில்தான் நடைபெறுகிறது என்பதை மறந்துவிடலாகாது.

பெற்றோர் ஆங்கிலம் வேண்டுமென்று கேட்கிறார்கள். அதை ஏளனம் செய்வோரும் நம்மிடையே உண்டு, "வயிற்றுக்குச் சோறில்லை, வாய்க்கு ஆங்கிலமா?" என்பார்கள். அவ்வாறு பேசுவோரின் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று கேட்டால் பேச்சு வேறுபக்கம் திரும்பிவிடும். அப்பெற்றோரின் ஆசை நேரியது. ஆலை வாயிலில் நிற்கும் எச்சரிக்கைப் பலகை ஆங்கிலத்தில் இருக்கிறது. வேலை ஆணை ஆங்கிலத்தில் வருகிறது. கொதிகலன் அருகே எதைத் தொடக்கூடாது என்பதும் பலவிடங்களில் ஆங்கிலத்தில்தான் எழுதப்பட்டுள்ளது. 2013-14 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழிப் பிரிவுகள் பரவலாகத் தொடங்கப்பட்டதற்கு இந்த ஆசையே காரணம். ஆகவே ஆங்கிலம் வேண்டுமா என்பது நம் கேள்வி அன்று. அவர்கள் கேட்டது ஆங்கிலம். நாம் கொடுப்பது என்ன என்பதே கேள்வி.

அந்த வகுப்புகளை நாம் பலமுறை நேரில் கண்டிருக்கிறோம். தகரக் கொட்டகை, தரையில் விரித்த பிளாஸ்டிக் பாய், ஐந்து வயது முதல் பதின்மூன்று வயது வரை முப்பது பிள்ளைகள். தொண்டர் பலகையில் ஏ என்று எழுதுகிறார். "ஏ ஃபார் ஆப்பிள்" என்கிறார். பிள்ளைகளும் உரத்த குரலில் அவ்வாறே சொல்கிறார்கள். சத்தம் பெரிதாக எழுவதால் வகுப்பு நன்றாக நடப்பதாக அனைவருக்கும் மகிழ்ச்சி. நான்காம் நாள் அதே எழுத்தைப் பலகையின் வேறொரு மூலையில் தனியே எழுதிக் கேட்டால் பெரும்பாலோர் விழிக்கிறார்கள். அவர்கள் கற்றது எழுத்தை அன்று, ஒரு மெட்டை. தொண்டர் தமிழில் விளக்குகிறார். ஒடிசாப் பிள்ளைக்குத் தமிழும் புரியவில்லை. விளக்கத்தை ஆங்கிலத்தில் சொல்கிறார். அது இன்னும் புரியவில்லை. ஒரு புரியாத மொழியைக் கொண்டு இன்னொரு புரியாத மொழியைக் கற்பிக்கும் விந்தை அங்கே நடக்கிறது.

மொழி கற்பித்தலின் அரிச்சுவடியை அறிந்தவர் எவரும் இவ்வாறு தொடங்கார். எழுத்து என்பது ஒலிக்குரிய குறி என்னும் உண்மையைப் பிள்ளை ஒருமுறைதான் கண்டுபிடிக்க வேண்டும். அதைத் தான் பேசும் மொழியிலேயே கண்டுபிடித்துவிட்டால், பிறகு எந்த மொழிக்கும் அந்த அறிவு உடன்வரும். தமிழிலும் தெலுங்கிலும் ஒடியாவிலும் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு பெரும்பாலும் ஒழுங்கானது. பிள்ளை நம்பிப் பிடித்துக்கொள்ளலாம். ஆங்கிலத்திலோ 'புட்' என்னும் சொல்லிலும் 'பட்' என்னும் சொல்லிலும் நடுவில் நிற்பது ஒரே எழுத்து, ஒலி வேறு. 'கேட்' என்னும் சொல்லின் முதலெழுத்தே 'சிட்டி' என்னும் சொல்லில் வேறாக ஒலிக்கிறது. தன் மொழியில் ஓர் எழுத்தும் அறியாத பிள்ளையை முதல் நாளே இந்தக் காட்டுக்குள் இறக்கிவிடுகிறோம்.

இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு பிள்ளையும் தன் தாய்மொழியின் ஒலிகளைச் சுமந்துகொண்டே ஆங்கிலத்துக்குள் நுழைகிறது. தமிழ்ப் பிள்ளைக்கு வல்லொலியும் மெல்லொலியும் ஒரே 'ப' எழுத்துக்குள் அடக்கம். ஆதலால் ஆங்கிலத்தின் இரண்டு பகரங்களும் அதற்குக் குழப்பம் தருகின்றன. ஒடிசாப் பிள்ளைக்கு இந்தக் குழப்பமே இல்லை. அம்மொழியில் அவ்வொலிகள் தனித்தனி எழுத்துகள். மாறாக, வகரம் அதன் நாவில் பெரும்பாலும் பகரமாகிவிடும். 'வேன்' என்றால் 'பேன்' என்று சொல்லும். தமிழ்ப் பிள்ளையைப் போலவே ளகரத்தை அழகாக உச்சரிக்கும். இதெல்லாம் தெரிந்தவர், எந்தப் பிள்ளைக்கு எதைச் சொல்லவேண்டும், எதைச் சொல்லவேண்டியதில்லை என்று அறிவார். தெரியாதவரோ வேனைப் பேன் என்ற பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிறார். வகுப்பே சேர்ந்து சிரிக்கிறது. அந்தப் பிள்ளை அதன்பின் வாய் திறப்பதில்லை. வாய் திறவாத பிள்ளையை 'மந்தம்' என்று ஏட்டில் குறித்து வைத்த தொண்டரும் உண்டு.

நாம் குறிப்பிடும் தீங்கு இதுவே. மூன்று வார வகுப்பால் நன்மை இல்லாவிட்டாலும் தீமை இல்லையே என்று எண்ணுவோர் இதைக் கருதவேண்டும். சூளைப் பிள்ளைக்கு இங்கே கிடைப்பது ஏறத்தாழ ஆறு மாதம். பள்ளியாண்டில் ஒரு பகுதி ஒடிசாவில் கழிகிறது, மறுபகுதி இங்கே. இரண்டிடத்திலும் அது வருகைப் பதிவேட்டில் பாதிப் பெயர். விடியற்காலையில் வெயிலுக்கு முன்பே பெற்றோர் களத்துக்குப் போய்விடுகின்றனர். பிள்ளை உடன்போய், காயும் பச்சைக் கல்லைத் திருப்பி வைக்கிறது. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்கிறது. அப்படிப்பட்ட நாளின் மாலையில் மிஞ்சியிருக்கும் ஒரு மணி நேர விழிப்பை நம்பி ஒப்படைக்கிறது. அந்த ஒரு மணி நேரத்தில் அது கற்றுக்கொண்டு போவது என்ன? "எல்லோருக்கும் வருகிறது, எனக்கு வரவில்லை" என்பதை. தொண்டர் மாறலாம், வகுப்பின் பெயர் மாறலாம். இந்தப் பாடம் மட்டும் மறவாது.

"ஒன்றும் இல்லாததற்கு இதாவது இருக்கட்டுமே, சாமி" என்று நல்லவர்கள் பலர் நம்மிடம் சொல்வதுண்டு. இந்த வாதத்துக்குச் சற்று விரிவாகவே மறுமொழி கூறவேண்டும். ஒன்றும் இல்லை என்பது முதலில் உண்மையன்று. தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெற மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்கு வசதி செய்து தரவேண்டும் என்று அரசியலமைப்பின் 350-அ பிரிவு கூறுகிறது. அது 1956-இல் சேர்க்கப்பட்டது. 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், புலம்பெயர்ந்து வரும் குடும்பங்களின் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும் கடமையை உள்ளாட்சி அமைப்பின்மீதே சுமத்துகிறது. மாற்றுச் சான்றிதழ் இல்லை, வயதுச் சான்று இல்லை என்று மறுக்க எந்தப் பள்ளிக்கும் உரிமையில்லை. இடைநின்ற பிள்ளைக்குச் சிறப்புப் பயிற்சி தந்து வயதுக்கேற்ற வகுப்பில் அமர்த்தவேண்டும். இம்மாவட்டத்துச் சூளைப் பகுதிகளில் ஒடியாப் பாடநூல்களை வரவழைத்து, அம்மொழி அறிந்த இளைஞரைக் கொண்டே கற்பித்த முயற்சிகளும் நடந்திருக்கின்றன. ஆகவே இது கானல் நீர் அன்று, செய்து பார்க்கப்பட்டதே.

இவ்வளவும் பிள்ளைக்கு உரிமையாக இருக்கையில், நாம் நம் மூன்று வாரத்தைக் கொண்டுபோய் அந்த இடத்தை நிரப்புகிறோம். கேட்க வேண்டிய அதிகாரிக்கு நிம்மதி. "அங்கேதான் சாமியார்கள் வகுப்பு நடத்துகிறார்களே" என்று கோப்பை மூடிவிடலாம். சூளை உரிமையாளருக்கும் நிம்மதி. பிள்ளை பள்ளிக்குப் போனால் காலையில் கல் திருப்ப ஆளில்லை, மாலை வகுப்பால் அவருக்கு நட்டமில்லை. பொதுநிலையினரின் திருத்தூதுப் பணி பற்றி 1965-இல் வெளிவந்த சங்க ஏடு, நீதியின்படி தரவேண்டியதை அன்புக் கொடையாகத் தந்துவிடலாகாது என்று பொதுநிலையினரான உங்களை நோக்கியே கூறுகிறது. பென்சில் பெட்டி வழங்கும் விழாக்களில் அந்த ஏட்டை எவரும் மேற்கோள் காட்டக் கேட்டதில்லை.

நம் இளையோரையாவது மன்னிக்கலாம். இப்போது ஆலைகளிலிருந்தும் ஆங்கிலம் கற்பிக்க வருகிறார்கள். 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமுதாயப் பணிக்குச் செலவிட வேண்டும். கல்வியும் அப்பட்டியலில் உண்டு. நல்ல சட்டம். கழிப்பறை கட்டித் தந்தோரும் உண்டு, அதற்கு நன்றி. ஆனால் ஒரே நிறப் பனியன் அணிந்த இருபது பேர் ஒரு வெள்ளிக்கிழமை காலை ஊராட்சிப் பள்ளிக்குள் நுழைந்து, ஆசிரியரை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, நான்காம் வகுப்புக்கு ஆங்கில உரையாடல் கற்பித்து, நண்பகலுக்குள் முப்பது நிழற்படம் எடுத்துக்கொண்டு கிளம்பும் காட்சியை என்னவென்று சொல்வது? அன்று பிற்பகல் அந்த ஆசிரியை கணக்குப் பாடம் நடத்தத் தொடங்கியபோது பிள்ளைகள் கேட்டது, "மிஸ், அந்த மிஸ் எப்போ வருவாங்க?" என்பதை மட்டும். ஆண்டு முழுதும் உடன் நிற்பவரின் மதிப்பு அரை நாளில் இறங்கிப்போயிற்று. படம் எடுக்கப் பிள்ளைகளின் பெற்றோரிடம் எவரும் அனுமதி கேட்கவில்லை என்பதைக் கூறவும் வேண்டுமோ?

ஒரு புதிய ஊருக்குக் கற்பிக்கச் செல்பவர் எவ்வாறு தொடங்கவேண்டும் என்பதற்கு நமக்கு வெளியிலிருந்து பாடம் தேவையில்லை. முத்துக்குளித்துறையில் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அடிகள் முதலில் செய்தது தமிழ் கற்றது. எந்த இலக்கண நூலும் துணைக்கு இல்லாத நிலையில் தாமே ஓர் இலக்கணக் குறிப்பை எழுதிக்கொண்டு கற்றார். 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறியபோது அவர் இங்கு வந்து முப்பது ஆண்டுகள் கடந்திருந்தன. வீரமாமுனிவர் தம் ஊர் மொழியான இத்தாலியத்தைக் கற்பித்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. நம் மொழிக்கு 'சதுரகராதி' தந்தார். ஒன்றும் அறியாமல் குருப்பட்டம் கட்டிக்கொண்டவரை வைத்துப் 'பரமார்த்த குரு கதை' எழுதியவரும் அவரே என்பதை, ஆங்கில வகுப்புக்குப் பெயர் கொடுப்போர் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

ஆங்கிலேயர் வரலாற்றிலும் ஒரு சான்று உண்டு, அதுவும் சென்னையில். 1789-இல் எழும்பூர் ஆண் அனாதையர் இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் போதகர், நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதைத் தம் பள்ளிக்குள் கொண்டுவந்தார்; மூத்த மாணவர் இளையோர்க்குக் கற்பிக்கும் முறையையும் அமைத்தார். பின்னர் இங்கிலாந்தில் அது 'சென்னை முறை' என்றே பெயர் பெற்றுப் பரவியது. கற்பிக்க வந்தவர் முதலில் எட்டிப் பார்த்தது திண்ணையை.

வெளியுலகையும் சற்றுக் காண்போம். தாய்லாந்தின் சிற்றூர்ப் பள்ளிகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கவென்று மேலைநாட்டு இளைஞர் ஆண்டுதோறும் செல்கின்றனர். அவர்களில் இருவகை. அமெரிக்க அரசு 1961-இல் தொடங்கிய அமைதிப் படையினர் 1962 முதல் அங்கே செல்கின்றனர். சென்றதும் ஏறத்தாழ மூன்று மாதம் தாய் மொழி கற்கவேண்டும், உள்ளூர்க் குடும்பம் ஒன்றில் தங்கவேண்டும். அதன்பின் ஈராண்டுப் பணி. நம் நாட்டிலும் அவர்கள் 1976 வரை இருந்தனர். இன்னொரு வகையினர் முகவருக்குப் பணம் கட்டிச் சில வாரம் போய்வருவோர். கடற்கரையையும் யானையையும் பார்த்துவிட்டு இடையில் கொஞ்சம் ஆங்கிலமும் கற்பித்துத் திரும்புவோர். அந்நாட்டில் ஆங்கிலேயர் ஆட்சி என்றுமே இருந்ததில்லை. சிற்றூர்ப் பிள்ளையின் காதில் ஆங்கிலம் வகுப்பறையில் மட்டும் விழுகிறது. வாரத்துக்கு வாரம் முகம் மாறினால் ஒவ்வொருவரும் மறுபடி 'என் பெயர் என்ன' என்பதிலிருந்தே தொடங்குவர். பெயர் சொல்லும் பாடத்தைத் தாண்டாமலே பிள்ளை வகுப்பேறிவிடும். நம் சூளை வகுப்புகளும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவையே. யானை மட்டும் இல்லை.

எனில் தொண்டரே வேண்டாமா? வேண்டும். கொரோனா காலத்தில் பள்ளிகள் ஒன்றரை ஆண்டுக்கு மேல் மூடிக்கிடந்தபின், 2021 அக்டோபரில் தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கியது. மாலையில் ஒன்றரை மணி நேரம். மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை. முன்வந்தோரில் மிகப்பெரும்பாலோர் பெண்கள், அதே தெருவைச் சேர்ந்தவர்கள். அத்திட்டத்தின்மேல் நமக்கு மாற்றுக் கருத்துகள் உண்டு. ஆசிரியரை நியமிக்க வேண்டிய இடத்தில் 1000 ரூபாய்த் தொண்டரை அமர்த்துவது எதில் போய் முடியும் என்பது அவற்றுள் ஒன்று. எனினும் ஒன்றை ஒப்புக்கொண்டே தீரவேண்டும். அந்தப் பெண்ணுக்குப் பிள்ளையின் பேச்சு தெரியும். எந்தப் பிள்ளையின் வீட்டில் நேற்றிரவு சண்டை என்று தெரியும். நாளை அவர் எங்கும் போய்விடமாட்டார்.

கும்மிடிப்பூண்டியிலேயே இதனினும் மூத்த எடுத்துக்காட்டு உண்டு. இலங்கைத் தமிழர் முகாம் அங்கே உள்ளது. 2021 முதல் அரசு அதை 'மறுவாழ்வு முகாம்' என்கிறது. 1984-இல் தொடங்கப்பட்ட ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் தமிழகத்து முகாம்களில் மாலை வகுப்புகளை வளர்த்தெடுத்தது. கற்பித்தவர்கள் வெளியிலிருந்து வந்த கனவான்கள் அல்லர். அதே முகாமில், அதே பத்தடி அறைகளில் வாழ்ந்த படித்த இளைஞரும் பெண்களும். குடியுரிமை இல்லை, அரசு வேலை இல்லை என்று தெரிந்தும் அம்மக்கள் பிள்ளைகளைக் கல்லூரிவரை அனுப்பினர். வெளியாரின் மூன்று வார ஆர்வத்தை நம்பியிருந்தால் இது நடந்திருக்குமா?

ஆகவே நம் பங்குகளுக்கு நாம் முன்வைப்பது கடுமையான ஒரு கோரிக்கை. ஆங்கிலம் கற்பிக்க விரும்புவோர் ஒரு பள்ளியாண்டைத் தரட்டும். வாரத்தில் மூன்று மாலைகளாயினும் போதும், ஆனால் ஆண்டு முழுதும். சூளைக்குச் செல்வோர், மக்கள் வந்திறங்கும் நாள் முதல் திரும்பும் நாள் வரை இருக்கட்டும். முதல் ஆறு வாரம் எதையும் கற்பிக்க வேண்டா. ஊராட்சிப் பள்ளி ஆசிரியையிடம் அனுமதி பெற்று வகுப்பின் கடைசி வரிசையில் அமர்ந்து, அவர் ஐந்து வகுப்பு மாணவரை ஒரே அறையில் எவ்வாறு சமாளிக்கிறார் என்று பாருங்கள். அடிப்படை எழுத்தறிவுக்காக அரசு கொணர்ந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022 சூனில் இம்மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. அதற்கான பயிற்சி ஏடுகள் அந்த ஆசிரியையிடம் இருக்கும், கேட்டு வாங்கிப் படியுங்கள். மாலையில் சூளைக்குப் போய்ப் பிள்ளைகளிடம் ஒடியா கற்றுக்கொள்ளுங்கள். தண்ணீருக்குப் 'பாணி', புத்தகத்துக்குப் 'பஹி'. மேற்கு ஒடிசாவில் பேசுவது சம்பல்புரி வழக்கு. பாடநூல் மொழியோடு அது முற்றும் ஒத்திராது என்பதும் அப்போது புலப்படும். நீங்கள் தப்பும் தவறுமாக அவர்கள் மொழியைப் பேசும்போது பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். தவறாகப் பேசிவிட்டும் ஒருவர் அச்சமின்றி உட்கார்ந்திருக்க முடியும் என்பதை அவர்கள் அப்போது கண்ணால் காண்பார்கள். அதைவிடச் சிறந்த ஆங்கிலப் பாடம் ஒன்று உண்டா என்று நமக்குத் தெரியவில்லை.

"இவ்வளவு நிபந்தனை போட்டால் ஒருவரும் வரமாட்டார்" என்கிறார்கள். நாற்பது பேர் பெயர் கொடுத்த இடத்தில் இருவர் வரலாம். இருவர் போதும். அந்த இருவரின் பயணச் செலவையும் ஒரு சிறு மாதத் தொகையையும் பங்கு ஏற்கவேண்டும். திருவிழா வாணவேடிக்கையில் ஒரு பகுதியைக் குறைத்தாலே அது கிடைத்துவிடும். அவர்களுள் ஒருவர் சூளையிலேயே பத்தாம் வகுப்புவரை படித்துவிட்டுக் கல் அறுக்கும் ஒடிசாப் பெண்ணாக இருந்தால் இன்னும் நல்லது. அப்படிப்பட்டோர் உண்டு, நாம் தேடியதில்லை. தேடாததற்குக் காரணம், ஏழைக்குள் ஓர் ஆசிரியர் இருக்கக்கூடும் என்று நமக்குத் தோன்றாததே.

மீதி முப்பத்தெட்டுப் பேருக்கும் வேலை இருக்கிறது. அதற்கு ஆங்கிலப் புலமை தேவையில்லை; ஓர் இருசக்கர வண்டியும் சற்றுப் பிடிவாதமும் போதும். தை மாதத்தில் சூளைகள் நிரம்பும்போது ஒவ்வொரு கொட்டகையாகச் சென்று ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளின் பெயரையும் வயதையும் எழுதுங்கள். எந்த ஊர்ப் பள்ளியில் எந்த வகுப்புவரை படித்தது என்று கேட்டு எழுதுங்கள். பெற்றோரில் ஒருவரை அழைத்துக்கொண்டு அருகிலுள்ள பள்ளியின் தலைமையாசிரியரிடம் செல்லுங்கள். சான்றிதழ் இல்லை என்று தயங்கினால் சட்டத்தின் 5-ஆம், 14-ஆம் பிரிவுகளை நினைவூட்டுங்கள். இடமில்லை என்றால் வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுத்து வடிவில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்குங்கள். பள்ளி தொலைவில் இருந்தால் வண்டி வசதி கேளுங்கள். ஒடியாப் பாடநூலும் அம்மொழி அறிந்த ஆசிரியரும் வேண்டுமென்று மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுங்கள். சென்ற வாரம் கொடுத்த மனு என்னவாயிற்று என்று அடுத்த திங்களும் போய் நில்லுங்கள். அந்த மனுவை ஆங்கிலத்தில் எழுதினாலும் நமக்கு மறுப்பில்லை.